நகரமைப்பாளர் மாநாட்டில் நமக்கு என்ன வேலை?

நகரமைப்பாளர்களின் மாநாடு ஒன்று நடக்கவிருக்கிறதென்றால், அதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே ஓர் அழைப்பு வெளியாகும். மாநாட்டின் மையப்பொருள் இன்னது, உட்தலைப்புகள் இவை, உரையாற்ற விரும்புவோர் இன்ன தேதிக்குள் 250 அல்லது 300 சொற்களில் முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்று அதில் கண்டிருக்கும். எந்தப் பிரச்சினையை ஆராய்ந்தீர்கள், எந்த முறையில் ஆராய்ந்தீர்கள், கண்டறிந்தது என்ன, உங்கள் உரையைக் கேட்பவர் தம் பணியிடத்துக்கு எதை எடுத்துச் செல்வார் என நாலைந்து கேள்விகள் இருக்கும். கல்வித்தகுதி, பதவி, நிறுவனம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். முன்மொழிவு ஏற்கப்பட்டால் பதிவுக் கட்டணம் செலுத்திவிட்டு, குறித்த நாளில் பதினைந்து நிமிடம் பேசலாம். பார்வைக்கு இது ஓர் அலுவலக நடைமுறை. ஆனால் நம் நகரங்களில் யார் எங்கே குடியிருக்கலாம், யார் எங்கே கடை விரிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் நீண்ட சங்கிலியின் தொடக்கக் கண்ணிகளுள் ஒன்று இந்தப் படிவத்தில் இருக்கிறது. அந்தக் கண்ணியின் மீது நம் கை படுவதே இல்லை.

நாம் நிற்பது சங்கிலியின் கடைசிக் கண்ணியில். புல்டோசர் வந்து நிற்கும் நாளில் அதன் முன் அமர்கிறோம். தடையாணை கேட்டு நீதிமன்றத்துக்கு ஓடுகிறோம். மாநகராட்சி அலுவலகத்தை முற்றுகையிடுகிறோம். இவையெல்லாம் செய்தே தீர வேண்டியவை. அங்கே நிற்க வேறு எவரும் வருவதில்லை. எனினும் புல்டோசர் வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஒரு வரைபடத்தில் அந்த இடம் பச்சை நிறம் பூசப்பட்டுவிடுகிறது. எந்த இடத்துக்கு எந்த நிறம் என்பதற்கான வாதங்கள் அதற்கும் முன்பே ஏதோ ஒரு குளிரூட்டப்பட்ட அரங்கில், ஒரு தொழில்சார் மாநாட்டில், நல்லெண்ணம் கொண்டவர்களாலேயே கூட முன்வைக்கப்பட்டிருக்கின்றன. நம் வர்க்க, வெகுஜன அமைப்புகள் அந்த அரங்குகளுக்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும், அதுவும் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்குகளோடு அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. தோழர்கள் சிலருக்கு இது வேண்டாத வேலையாகத் தோன்றும் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துறையின் இன்றைய நிலையைப் பார்ப்போம். இந்திய நகரமைப்பாளர்களின் தொழில்முறை அமைப்பான இந்திய நகரமைப்பாளர் நிறுவனம் 1951இல் தில்லியில் தோன்றியது. அகில இந்திய அளவில் ஆண்டு மாநாடு நடத்துகிறது. அதன் இணை உறுப்பினர் தேர்வு அரசுப் பணிக்குரிய தகுதியாக ஏற்கப்படுகிறது. இத்தகைய மாநாடுகளில் அரசுத் துறை நகரமைப்பாளர்களும் கல்வியாளர்களும் தனியார் ஆலோசனை நிறுவனத்தாரும் ஒன்றுகூடுகிறார்கள். இவர்களுள் மூன்றாம் வகையினரின் செல்வாக்குப் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. நிதி ஆயோக் 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையே அதைச் சொல்கிறது: நாடு முழுவதும் மாநில அரசுகளில் அனுமதிக்கப்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் 3,945, அவற்றில் 42 சதவீதம் காலி. தேவையோ 12,000க்கும் மேல். நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டமே கிடையாது. அரசு ஆள் எடுக்காது, திட்டமோ வேண்டும், எனவே ஒப்பந்தப்புள்ளி கோரி ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் ஊரையே ஒப்படைத்துவிடுகிறது. அந்த நிறுவனம் செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கும். சில வாரம் கணக்கெடுக்கும். மீதியை இன்னோர் ஊருக்கு எழுதிய அறிக்கையிலிருந்தும் துறை மாநாடுகளில் புழங்கும் விகிதங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

விகிதங்கள் என்றேனே, அவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2007இல் அறிவிக்கை செய்யப்பட்ட தில்லி முழுமைத் திட்டம் 2021, முறைசாரா வணிகத்துக்கென ஒரு பட்டியல் தருகிறது. வணிக மையங்களில் முறையான கடைகள் 10க்கு முறைசாராக் கடைகள் 3 முதல் 4 வரை. அலுவலக வளாகங்களில் ஊழியர்கள் 1,000 பேருக்கு 5 முதல் 6 வரை. பேருந்து முனையத்தில் இரண்டு பேருந்து நிறுத்தத் தடங்களுக்கு ஒன்று. படிக்கும்போது ஏதோ கருணைபோல் தெரியும். 1,000 ஊழியர் வேலை செய்யும் ஓர் அலுவலக வளாகத்தின் வாசலில் மதிய வேளையில் போய் நின்று பாருங்கள். தேநீர், சோலே குல்ச்சா, பழத்துண்டு, வெற்றிலை, செருப்புத் தையல், அலைபேசி பழுதுபார்ப்பு எனப் பிழைப்பவர்கள் 6 பேர்தானா? அந்தப் பட்டியலின்படி ஏழாமவர் ஆக்கிரமிப்பாளர். அவருடைய தள்ளுவண்டி பறிமுதலானால், அதை மீட்க வரும் சங்கத்தார், மேலிடத்தில் எவரோ தீர்மானித்த ஓர் எண்ணோடு மோத வேண்டியிருக்கிறது என்பதை அறியாமலே காவல் நிலையத்தில் வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் வேறு கணக்குச் சொல்கிறது. மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்க வேண்டும். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். போராடிப் பெற்ற சட்டம் அது. அந்த 2.5 சதவீதத்தைத் தரைமீது எந்த மூலையில், எத்தனை சதுர அடியில் வைப்பது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. அந்தப் பதிலை எழுதத் தகுதியுடையவர், பத்தாண்டாக அதே மூலையில் நிற்பவரும் அவருடைய சங்கமும்தான். எந்த விகிதமும் யாரோ ஒருவர் எண்ணியதால் பிறக்கிறது. இன்னொருவர் அதை மேற்கோள் காட்டுவதால் வளர்கிறது. பலர் கூடிய இடத்தில் மறுப்பின்றிப் போனதால் நெறியாகிவிடுகிறது. மறுக்க வேண்டியவர் அந்த இடத்தில் இல்லை.

இந்தியாவில் நவீன நகரமைப்பு தொடங்கியபோது கதவு இவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914இல், சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் இங்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களைச் சுமந்துவந்த கப்பலை ஜெர்மனியின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. கெட்டிக்காரப் பேர்வழியை 'எம்டன்' என்று நம் பாட்டனார் சொல்லக் காரணமான அதே எம்டன்தான். கெடிஸ் மறுபடியும் படங்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பிறகு இந்திய ஊர்கள் பலவற்றுக்கு அறிக்கை எழுதினார். பழைய குடியிருப்புகளைத் தகர்த்து நேர்க்கோட்டில் சாலை போடும் பொறியாளர் வழக்கத்தை எதிர்த்தார். இந்தூரில் துப்புரவுத் தொழிலாளரை முன்னிறுத்தி ஒரு தீபாவளி ஊர்வலமே நடத்தினார். அவர் காலனி ஆட்சியின் விருந்தாளி, மேலிருந்து அன்பு காட்டியவர் என்ற விமர்சனம் நமக்கு உண்டு. ஆயினும் நகரத்தின் வரைபடத்தை நகரத்தார் பார்க்க வேண்டும் என்று கருதியவர். விடுதலைக்குப் பின் 1962இல் வந்த தில்லியின் முதல் முழுமைத் திட்டத்துக்கு வழிகாட்டியதோ, ஆல்பர்ட் மேயர் தலைமையில் அமெரிக்க ஃபோர்டு அறக்கட்டளை அனுப்பிய வல்லுநர் குழு. தொழிலாளி அதன் வரைபடத்தை எப்போது பார்த்தார் என்று கேட்கவேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு என் வேலை என்பதால், இந்தத் துறையின் சொற்களைப் பற்றி என்னால் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஒரு திட்டத்தால் நலமோ கேடோ அடையக்கூடிய அனைவரையும் குறிக்க ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் உண்டு. தமிழில் அது 'பங்குதாரர்' என்று பெயர்க்கப்பட்டு அரசாணைகளில் நிலைத்துவிட்டது. மூலச்சொல்லில் மறைந்திருந்த மோசடியைத் தமிழ் அம்பலப்படுத்திவிட்டது என்றே நான் கருதுகிறேன். நூறு ஏக்கர் வைத்திருக்கும் மனைவணிக நிறுவனமும், அங்கே கழிவறை கழுவப் போகும் பெண்ணும் ஒரே கம்பெனியின் பங்குதாரர்களாம்! 'ஆக்கிரமிப்பு' இன்னொன்று. அண்டை நாட்டின் மீது படையெடுத்தவனையும் வாய்க்காலோரம் தகரக்கூரை போட்டவனையும் நம் செய்தித்தாள்கள் ஒரே சொல்லால் குறிக்கின்றன. வீட்டை இடித்து நாற்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவதற்குப் பெயர் 'மறுவாழ்வு'. எல்லாவற்றுக்கும் மேலாக, செயப்பாட்டு வினை. 'குடியிருப்புகள் அகற்றப்பட்டன' என்று அறிக்கை சொல்லும். யார் அகற்றினார் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. நம் பேச்சுத் தமிழில் செயப்பாட்டு வினை அரிது. வீடிழந்தவர் 'இடிச்சுட்டாங்க' என்றுதான் சொல்கிறார். எழுவாய் அந்த வினைமுற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முந்நூறு சொல் முன்மொழிவை நாம் எழுதும்போது, முதற்காரியமாக அந்த எழுவாயைத் திரும்பக் கொண்டுவரலாம். அதற்குத் தனி இலக்கணப் புலமை தேவையில்லை.

தில்லித் தமிழர் மறக்க முடியாத ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தோர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராஸி கேம்ப், உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. இல்லை, இடித்தார்கள். மழைக்காலத்துக்கு முன் வடிகாலின் அடைப்பை நீக்கி வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ 370 குடியிருப்புகள். அவற்றில் சற்றேறக்குறைய பாதிப் பேருக்கே மாற்று வீடு பெறும் தகுதி உண்டென்றார்கள். அந்த மாற்று வீடும் நகரின் வடகோடியில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், நரேலாவில். பக்கத்துக் காலனிகளில் வீட்டு வேலை செய்து வாழ்ந்த பெண்கள் அவர்கள். பிள்ளைகள் அருகிலிருந்த தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் தாய்மொழி கற்றுவந்தார்கள்.

நாளை ஒரு நகரமைப்பு மாநாட்டில், 'வெள்ளத்தைத் தாங்கும் நகரங்கள்' என்ற உட்தலைப்பின் கீழ், வடிகால் மீட்பு பற்றிய வெற்றிக் கதையாக இதைப் போன்ற ஒன்று சொல்லப்பட்டால் நான் வியப்படைய மாட்டேன். சொல்பவர் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. வடிகாலின் அகலம், நீரோட்டத்தின் அளவு, செலவான தொகை எல்லாம் அவரிடம் இருக்கும். அவரிடம் இல்லாதவை வேறு. நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குப் பேருந்தில் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டால் எத்தனை மணிக்குச் சேரலாம்? மூன்று வீட்டில் வேலை செய்து பெறும் மாதச் சம்பளத்தில் பயணச்செலவு எத்தனை பங்கு? வேலையை விட்டவர் எத்தனை பேர்? பள்ளியை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? வீடு கிடைத்தும் அதில் குடியேறாமல் பழைய இடத்தின் அருகே வாடகைக்குத் தங்கியவர் எத்தனை பேர்? இந்தக் கணக்கை வீடுவீடாகப் போய் எடுக்க நம் மாதர் அமைப்புத் தோழர்களால் முடியும். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். எடுத்துவிட்டால் அது கண்ணீர்க் கதையாக நிற்காது; மறுகுடியமர்வின் தொலைவுக்கும் வருமான இழப்புக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வாகிவிடும். மாநாட்டுப் படிவம் கேட்பதும் அதைத்தான்.

இனி, மறுப்புகளுக்கு வருகிறேன். நம் அனுபவத்தை அவர்களிடம் கொண்டுபோனால், பல்லைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள் என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொழிலாளர் கட்சி 1989இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட், 1996இல் இஸ்தான்புல்லில் நடந்த ஐநா மனிதக் குடியிருப்பு மாநாட்டில் முன்மாதிரியாகப் பாராட்டப்பெற்றது. பின்னர் உலக வங்கி அதை எடுத்துக்கொண்டு, நாடு நாடாக விற்றது. ஏழைப் பகுதிக்கு முதலில் நிதி என்ற அரசியல் போய், கூட்டம் நடத்தும் நுட்பம் மட்டும் எஞ்சியது. ஆனால் போர்ட்டோ அலெக்ரே மேடையேறாமல் இருந்திருந்தால் உலக வங்கிக்குத் தெரியாமல் போயிருக்குமா? நம் அனுபவத்தை நாம் எழுதவில்லையென்றால் வேறொருவர் எழுதுவார். தொண்டு நிறுவனமோ ஆலோசகரோ நம் சங்கக் கூட்டத்தில் ஒரு மாலை அமர்ந்துவிட்டுப் போய், அதைத் தம் கண்டுபிடிப்பாக வாசிப்பார். இது நடக்காத ஒன்றல்ல.

நாம் வல்லுநர்கள் அல்லர் என்பது இரண்டாவது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1994 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் ஏ.கே.ஜி. ஆய்வு மையம் கேரள ஆய்வுகளுக்கான பன்னாட்டு மாநாட்டை நடத்தியது. முன்னின்றவர் ஈ.எம்.எஸ். பேராசிரியர்களும் இயக்கத்தவர்களும் ஒரே அரங்கில் கட்டுரை வாசித்தார்கள். கேரளத்தின் வளர்ச்சி ஏன் தேங்கியது என்ற கேள்வியைக் கட்சியே முன்வைத்து, அறிஞர்களைப் பதில் தேட அழைத்தது. இரண்டே ஆண்டில், 1996இல், இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் தொழில்நுட்பத் தன்னார்வலர் படையாகத் திரண்டு, ஊரார் தீட்டிய திட்டங்களைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள். பின்னாளிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. சிம்லாவில் 2012 முதல் 2017 வரை இடதுசாரித் துணை மேயராக இருந்த டிகேந்தர் சிங் பன்வர், கேரள அரசு அமைத்த நகர்ப்புற ஆணையத்தில் உறுப்பினராகப் பணியாற்றினார். தெருக்குழாயில் தண்ணீர் வராததற்குப் பதில் சொல்லிப் பழகியவர், நீர்வழங்கல் பற்றிய கட்டுரைக்கு அருகதையற்றவர் ஆகமாட்டார்.

தில்லியிலேயே அண்மைச் சான்றும் உண்டு. 2041க்கான முழுமைத் திட்ட வரைவை தில்லி வளர்ச்சி ஆணையம் 2021 ஜூனில் வெளியிட்டபோது சுமார் 33,000 ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் வந்து குவிந்தன. பெருந்தொற்றின் இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாத நேரம் அது. 'மே பீ தில்லி' என்ற மக்கள் இயக்கம் 2018 முதலே குடிசைவாசிகள், குப்பை பொறுக்குவோர், வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் ஆகியோரிடம் இந்தத் திட்டத்தை எளிய இந்தியில் விளக்கி, அவர்களின் கோரிக்கைகளைத் திட்டமொழியில் எழுதிவந்தது. அரசியல் சாசனத்தின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, நகரத் திட்டமிடல் உள்ளாட்சிகளுக்குரிய 18 பணிகளின் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. தலைநகரிலோ அந்தப் பணி இன்றும் ஒன்றிய அரசின்கீழ் உள்ள வளர்ச்சி ஆணையத்திடமே இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி ஓர் ஆட்சேபம் அனுப்பும் தரப்பாகச் சுருங்கிவிட்டது. அத்தகைய ஊரில்கூட இவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள். இவர்களில் பத்துப் பேர் அதே விஷயத்தை நகரமைப்பாளர்களின் அவையில் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், வரைவு எழுதும் கட்டத்திலேயே சில வரிகள் மாறியிருக்கும் என்பது என் மதிப்பீடு.

மூன்றாவது மறுப்பு காசும் ஆங்கிலமும். பதிவுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். நம் கிளைகளுக்கு அது பெரிய தொகைதான். முன்மொழிவோடு ஒரு கடிதம் இணைத்து, தொழிற்சங்கத்தின் சார்பில் வருபவருக்குக் கட்டண விலக்கு வேண்டும் என்று கேட்க வேண்டும். மறுத்தால், மறுத்தார்கள் என்பதும் ஒரு செய்தி. ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, கணக்கெடுத்தவர் தமிழிலோ இந்தியிலோ பேசட்டும். ஒருவர் அருகில் நின்று பெயர்க்கட்டும். பதினைந்து நிமிட உரை ஏழு நிமிடமாகக் குறையும். ஏழு நிமிடம் போதும்.

எப்படி எழுதுவது என்பதில் மட்டும் நம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். நாம் தீர்மானம் எழுதிப் பழகியவர்கள். 'வன்மையாகக் கண்டிக்கிறது', 'உடனடியாகக் கைவிடக் கோருகிறது' என்று முடிப்போம். முன்மொழிவைப் படித்து மதிப்பிடுபவருக்கு நாம் கண்டிப்பது முன்பே தெரியும். தெரியாதது நாம் எண்ணிய எண். ஒரு சாலையோர வியாபாரிகள் சங்கம் தன் சந்தையில் ஒரு வாரம், காலை, மதியம், இரவு என மூன்று வேளை, எத்தனை கடைகள், என்ன பொருள், எவ்வளவு இடம், எத்தனை பெண்கள் என்று எண்ணட்டும். அதே சந்தையைச் சுற்றியுள்ள முறையான கடைகளையும் எண்ணட்டும். பத்துக்கு மூன்று என்ற விகிதத்தோடு ஒப்பிடட்டும். முதல் இரண்டு வரியில் சந்தை எது, எப்போது எண்ணினோம், யார் எண்ணினோம் என்பதைச் சொல்லலாம். அடுத்து எண்கள். பிறகு, நெறி கூறுவதற்கும் தரையில் இருப்பதற்கும் இடையிலான வேறுபாடு, அதனால் எவர் சட்டவிரோதமானவர் ஆக்கப்படுகிறார் என்பது. கடைசியில், நகரமைப்பாளர் தம் அடுத்த திட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில். நவதாராளமயம் பற்றிய பத்தியை அரங்கில் யாரேனும் கேள்வி கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம், நிச்சயம் கேட்பார்கள். கல்வித்தகுதிக் கட்டத்தில் 'சாலையோர வியாபாரி, 22 ஆண்டுகள்' என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது.

தில்லி, போபால், விஜயவாடாவில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும், பிற கல்லூரிகளிலும் இந்தத் துறையைப் பயிலும் மாணவர்களில் நம் மாணவர் அமைப்பினரும் அனுதாபிகளும் உண்டு. பாடத்துக்காக அவர்களே குடிசைப் பகுதிகளில் கணக்கெடுக்கிறார்கள். வரைபடம் தயாரிப்பதில் அவர்களின் உதவியைப் பெறலாம். ஆனால் முதற்பெயர் சங்கத்தினுடையதாக இருக்க வேண்டும். மாணவர் பெயர் இரண்டாவதாக வரட்டும். இந்த வரிசையில் விட்டுக்கொடுக்க வேண்டாம். உரை அமர்வில் இடமில்லை, சுவரொட்டிக் காட்சியில்தான் இடம் என்று பதில் வந்தால் மறுக்க வேண்டியதில்லை. தேநீர் இடைவேளையில் அரைமணி நேரம் ஒரு சுவரொட்டியின் அருகே நிற்பவரிடம் வந்து பேசும் இளம் நகரமைப்பாளர், மேடையைப் பார்த்துக் கைதட்டுபவரைவிடக் கவனமாகக் கேட்பார்.

நிராகரிப்புக் கடிதமும் வரலாம். முதல் தடவை அதுவே வர வாய்ப்பு அதிகம். அந்த 300 சொற்களையும் அதன் பின்னுள்ள கணக்கேட்டையும் பரணில் போட்டுவிடக் கூடாது. நகர விற்பனைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு அது மனு. முழுமைத் திட்டத்தின் மீது ஆட்சேபம் கேட்கும் நாளில் அது இணைப்பு. வெளியேற்ற வழக்கில் வழக்கறிஞர் கேட்கும்போது அது பிரமாணப் பத்திரத்தின் இரண்டாம் பக்கம். அடுத்த ஆண்டின் மாநாட்டு அழைப்பு வரும்போது, அதே சந்தையை மறுபடி ஒரு வாரம் எண்ணிவிட்டு, இரண்டு ஆண்டின் எண்களையும் அருகருகே வைத்து மீண்டும் அனுப்பலாம்.